சக்திக்கேற்ற தவம்

(அட்சய திருதியையன்று எங்கள் ஊர் ஜினாலயத்தில் ஆற்றிய அறவுரை, சில சேர்க்கைகளுடன்)



இன்று காலை கோயிலுக்குப் புறப்படுமுன் நாளிதழைப் புரட்டினேன். பக்கத்துக்குப் பக்கம் நகைக்கடை விளம்பரம். அட்சய திருதியை என்றால் பொன் வாங்கும் நாள் என்று உலகம் முடிவு செய்துவிட்டது. நமக்கோ இது கரும்புச்சாற்றின் திருநாள். ஏறத்தாழ ஓராண்டுக் காலம் உணவின்றி இருந்த ஆதிபகவன் விருஷபதேவருக்கு, அஸ்தினாபுரத்தில் முதன்முதலாக ஆகாரம் கிடைத்த நாள். பட்டினி முடிந்த நாளைத் திருநாளாகக் கொண்டாடுகிறவர்கள் நாம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதனிடமே திரும்பி வரவேண்டியிருக்கிறது.

இன்று நான் பேச எடுத்துக்கொண்டது, கேட்பதற்குக் கோயிற் பேச்சுப் போலத் தோன்றாது. நம் இல்லங்களில் இப்போது பல பிள்ளைகள் மாதச் சம்பளத்தை விட்டுவிட்டுச் சொந்தமாகக் கைத்தொழில் தொடங்குகிறார்கள். ஒருத்தி சுடுமண் அணிகலன் செய்கிறாள். ஒருவன் குழந்தைகளுக்கான படப்புத்தகம் வரைந்து அச்சிடுகிறான். ஒருத்தி முட்டை கலவாத கேக் செய்து விற்கிறாள். கடை வாடகை இல்லை. கைப்பேசியே கடை, இன்ஸ்டாகிராமே கடைவீதி. இப்பிள்ளைகள் தொழில் தொடங்கும் அந்தச் சில மாதங்களில் தங்கள் உடலையும் உள்ளத்தையும் எப்படி நடத்துகிறார்கள் என்பதைப் பற்றியே பேச விரும்புகிறேன்.

"அம்மணி, இதற்கும் சமயத்துக்கும் என்ன தொடர்பு?" என்று பெரியவர் ஒருவர் நேற்றே கேட்டார். தொடர்பு தொடக்கத்திலேயே இருக்கிறது. கற்பக மரங்கள் பயன் குன்றியபோது மக்கள் பிழைக்கும் வழியறியாது ஆதிபகவனை அடைந்தனர். அவர் அவர்களுக்கு வாள், எழுத்து, உழவு, வித்தை, வாணிகம், சிற்பம் என்னும் ஆறு தொழில்களையும் கற்பித்தார் என்று புராணம் கூறும். தம் புதல்வியருள் பிராமிக்கு எழுத்தையும் சுந்தரிக்கு எண்ணையும் கற்பித்தவரும் அவரே. ஆறனுள் சிற்பம் ஒருவர்க்கும் வாணிகம் ஒருவர்க்கும் உரியதாக நெடுங்காலம் நடந்தது. செய்பவன் ஒருவன், விற்பவன் ஒருவன். இன்று நம் பிள்ளைகள் இரண்டையும் ஒரே தலையில் சுமக்கிறார்கள். பகலில் சிற்பி, இரவில் வணிகர். அவர்கள் உறங்குவது எப்போது என்று கேட்க ஆளில்லை.

என் மகள் வயிற்றுப் பேத்தியைப் பற்றிச் சொல்கிறேன். அவளிடம் ஒப்புதல் பெற்றே சொல்கிறேன். பெயரை மட்டும் விட்டுவிடச் சொன்னாள். சென்னையில் ஓர் அலுவலகத்தில் ஐந்தாண்டு வேலை பார்த்தாள். சிறுவயது முதலே கை சும்மா இராது. கோலப்பொடி தீரும்வரை வாசலில் கோலமிடும் குழந்தை அவள். சென்ற ஆண்டு தொடக்கத்தில் வேலையை விட்டுவிட்டு, பருத்தித் துணியில் அச்சுக் கட்டையால் கையச்சு வேலை செய்து விற்கத் தொடங்கினாள். பட்டு வேண்டாம் என்பதில் உறுதியாக இருந்தாள். அதன் காரணம் நம் வீட்டுக் குழந்தைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. புதுக்கோட்டையை அடுத்த சித்தன்னவாசல் குகைக்கோயிலின் விதானத்தில், ஒன்பதாம் நூற்றாண்டில் தீட்டப்பெற்ற தாமரைப் பொய்கை இருக்கிறதல்லவா? மீனும் அன்னமும் யானையும் கலந்து நிற்க, தாமரை மொட்டும் மலரும் இலையுமாய் நிறைந்த பொய்கை. அதைப் பார்த்துவிட்டு வந்து வரைந்த தாமரை மொட்டுத்தான் அவளுடைய முதல் அச்சு.

அச்சுக் கட்டை செய்யும் முறையை அவள் வாயால் கேட்டு வியந்தேன். நன்கு உலர்ந்த மரத்தில் வடிவம் செதுக்கிய பின், அதை அப்படியே சாயத்தில் தோய்த்துவிடக் கூடாதாம். பத்துப் பதினைந்து நாள் எண்ணெயில் ஊறவைக்க வேண்டுமாம். அவசரப்பட்டு அச்சிட்டால் கட்டை வெடிக்கும். நுண்ணிய கோடுகள் சிதையும். காற்றுப் போக்குக்குக் கட்டையின் உடலில் துளைகளும் இடுவார்களாம். துணியை முதலில் கஞ்சி போக அலசி உலர்த்துவது, மேசைமேல் மடிப்பு மடிப்பாகத் துணி விரித்து மெத்தென்று ஆக்குவது, சாயத் தட்டில் கட்டையை ஒற்றுவது, துணியில் வைத்து உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஓங்கித் தட்டுவது. ஒரு துப்பட்டா முடிய இதை நூற்றுக்கணக்கான முறை செய்ய வேண்டும். ஒரு தட்டு பிசகினாலும் துணி வீண்.

தீபாவளிக்கு முன் விற்பனையைத் தொடங்குவது என்று நாள் குறித்தாள். இருநூறு உருப்படி வேண்டும் என்று கணக்கிட்டாள். ஒரு கடைக்காரர் அறுபது துப்பட்டா வாங்கிக்கொள்வதாகவும் சொல்லியிருந்தார். ஆடி மாதத்திலிருந்து இரவு இரண்டு மணிவரை வேலை. விடிந்ததும் படம் எடுத்துப் போடுதல், விலை கேட்பவர்களுக்குப் பதில், கொரியர்காரரோடு வாதம். ஒருநாள் தொலைபேசியில், "பாட்டி, நேற்று மூன்று மணி நேரந்தான் தூங்கினேன்" என்றாள். அதற்கு நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இதுவும் ஒரு தவந்தான் அம்மா" என்றேன்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியிலும், இறுதி ஆண்டுகளில் ஆசிரியப் பயிற்சி பெறுவோர்க்கும் பாடம் சொன்னவள் நான். சொல்லின் பொருளறிந்து பேச வேண்டும் என்று எத்தனையோ பேரைத் திருத்தியிருக்கிறேன். அன்று ஒரு பெருஞ்சொல்லைப் பொருளறியாமல் வீசிவிட்டேன்.

தசலட்சண பர்வம் தொடங்க ஐந்து நாள் இருக்கையில் அவள் அச்சு மேசையருகே மயங்கி விழுந்தாள். மேசை விளிம்பு நெற்றியில் பட்டு மூன்று தையல். பக்கத்து வீட்டார் மருத்துவமனைக்கு எடுத்துச் சென்றிருக்கிறார்கள். நானும் மகளும் போய்ச் சேர்ந்தபோது மருத்துவர் அவளிடம், "கடைசியாகச் சோறு சாப்பிட்டது எப்போது?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவளால் சொல்ல முடியவில்லை. நினைத்து நினைத்துப் பார்த்து, "பிஸ்கட் சாப்பிட்டேன்" என்றாள். வலக்கை மணிக்கட்டு வீங்கியிருந்தது. அந்தக் கட்டைகளைப் பதினைந்து நாள் எண்ணெயில் ஊறவைக்கத் தெரிந்த பெண், தன் தலைக்கு எண்ணெய் வைத்து எத்தனை வாரம் ஆயிற்று என்று அவள் தாய் கேட்டாள். அதற்கும் விடையில்லை.

அன்றிரவு கட்டிலருகே நான் மட்டும் இருந்தேன். "பாட்டி, நீங்கள்தானே தவம் என்று சொன்னீர்கள்? அதனால்தான் எப்படியாவது முடித்துவிடலாம் என்று..." என்றாள். குறையாகச் சொல்லவில்லை, குழந்தையைப் போல இயல்பாகச் சொன்னாள். நான் எழுந்து ஜன்னலருகே போய் நின்றேன்.

அன்பர்களே, தவம் என்றால் என்ன? தீர்த்தங்கர நாமகருமத்துக்குக் காரணமாகக் கூறப்படும் பதினாறு பாவனைகளை ஆண்டுதோறும் சோடசகாரண விரதத்தின்போது ஓதுகிறோம். அவற்றுள் ஈகையையும் தவத்தையும் சொல்லுமிடத்து, வெறுமனே ஈகை என்றோ தவம் என்றோ ஆசிரியர் சொல்லவில்லை. சக்திக்கேற்ற தியாகம், சக்திக்கேற்ற தவம் என்றே சொல்லிவைத்தார். "சக்திதஸ்" என்னும் அச்சொல்லை எத்தனையோ ஆண்டு வாயால் உருட்டியிருக்கிறேன்; மருத்துவமனை நாற்காலியில்தான் அதன் பொருள் எனக்கு விளங்கிற்று. ஆற்றலை மறைத்துச் சோம்பியிருப்பதும் பிழை; ஆற்றலைக் கடந்து உடலை முறிப்பதும் பிழை.

இன்னொன்றும் காண்க. உபவாசம் இருப்பவர் முதலில் சங்கற்பம் செய்துகொள்கிறார். இத்தனை நாள் என்று எல்லை வைக்கிறார். முடிவில் பாரணை உண்டு. இயன்றால் முனிவரிடமோ பெரியோரிடமோ சொல்லிவிட்டே தொடங்குகிறார். உள்ளம் அமைதியுறுவதற்காகவே இவ்வளவும். என் பேத்தியின் பட்டினியில் சங்கற்பம் ஏது? எல்லை ஏது? உண்ண மறந்ததற்கு உபவாசம் என்று பெயரில்லை.

இப்போது ஆதிபகவனின் வரலாற்றுக்கு வருவோம். தமிழ் மணிப்பிரவாளத்தில் அமைந்த ஸ்ரீபுராணத்தை நம் முன்னோர் இல்லங்களில் வைத்துப் படித்தார்கள். மூத்தவர்கள் இக்கதையை அதன் வழியாகவே கேட்டிருப்பீர்கள். பகவான் துறவு பூண்டபோது நாலாயிரம் அரசர்கள் அவர்மேற் கொண்ட பற்றினால் தாமும் துறவு பூண்டனர். பகவான் ஆறு மாத உபவாசம் ஏற்று அசையாது நின்றார். உடன் வந்தவர்கள் எதற்காக நிற்கிறோம் என்று அறியாமலே நின்றார்கள். சில நாள் கழிந்தது, பசி வாட்டியது. ஊர் திரும்பவோ அச்சம். நிற்கவோ ஆற்றல் இல்லை. காயையும் கிழங்கையும் பறித்துத் தின்றார்கள், மரவுரி உடுத்தார்கள், நெறி பிறழ்ந்தார்கள். அவர்களுக்குப் பகவான்மேல் அன்பு குறைவா? இல்லை. தம் அளவறியாமல் இன்னொருவர் அளவைத் தம் அளவாகக் கொண்டதே அவர்கள் செய்த பிழை.

கைப்பேசியில் யாரோ ஒரு தொழிலதிபர், "நான் ஒரு நாளைக்கு நான்கு மணி நேரமே தூங்குவேன்" என்று பேசும் காட்சியைப் பேத்தி எனக்குக் காட்டினாள். எனக்கு அந்த நாலாயிரவர் நினைவு வந்தது.

ஆறு மாதம் முடிந்ததும் பகவான் என்ன செய்தார்? ஆகாரத்துக்காக எழுந்து நடந்தார். ஆதிபுராணத்தில் ஜினசேனாசாரியார் இவ்விடத்தில் ஒரு கருத்தை வைக்கிறார். வீடுபேற்றை விரும்புவோர் உடலை வாட்டிக்கொண்டே போவதும் கூடாது. சுவைமிக்க உணவால் கொழுக்க வைப்பதும் கூடாது. பொறிகள் வசப்பட்டு நிற்கும் அளவுக்கு நடுவழியில் பேண வேண்டும் என்பது அதன் சாரம். பின்வரும் முனிவர்கள் உடலைக் கெடுத்துக்கொள்ளாமல் அறத்தை நடத்தும் முறையை உலகுக்குக் காட்டவே அவர் எழுந்தார். எண்ணிப் பாருங்கள். உலகில் தவத்தைத் தொடங்கி வைத்தவரே, உண்ணும் முறையையும் தொடங்கி வைக்க வேண்டியிருந்தது.

இனி, கொல்லாமையைப் பற்றி ஒரு சொல். எறும்புக்கு வழிவிட்டு நடக்கிறோம்; நீரை வடிகட்டிக் குடிக்கிறோம். நன்று. உயிர் என்பதற்குப் பத்துப் பிராணன்கள் கூறப்பட்டுள்ளன: ஐம்பொறிகள், மனபலம், வாக்குபலம், காயபலம், மூச்சு, ஆயுள். அசட்டையினாலும் கசாயங்களினாலும் இவற்றுக்கு ஊறு செய்வதே இம்சை. பிறருடைய பிராணனுக்கு மட்டும் என்று எங்கும் எல்லை வகுக்கப்படவில்லை. கசாயத்தின் வசப்பட்டவன் பிற உயிரைத் துன்புறுத்துகிறானோ இல்லையோ, முதலில் தன்னால் தன்னையே துன்புறுத்திக்கொள்கிறான் என்று அமிர்தசந்திராசாரியார் புருஷார்த்த சித்தியுபாயத்தில் விளக்குகிறார். கண் எரியும்போதும் திரையை உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பது கண் என்னும் பிராணனுக்குச் செய்யும் ஊறு. கோபத்தில் தாயிடம் வெடித்துவிட்டுப் பிறகு அழுவது மனபலத்துக்கும் வாக்குபலத்துக்கும் செய்யும் ஊறு. பேத்தி தன் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே இதைக் கேட்டாள். "எறும்பு அளவுக்காவது என்னை நான் பார்த்துக்கொண்டிருக்கலாம்" என்றாள். சிரித்துக்கொண்டே சொன்னாள், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உடல் களைப்பாவது கண்ணுக்குத் தெரியும். உள்ளே நடப்பதை ஆர்த்த தியானம் என்னும் சொல்லால் நம் முன்னோர் குறித்தார்கள். அது நான்கு வகை. விரும்பாதது வந்து சேர்ந்ததை எண்ணிப் புழுங்குவது. விரும்பியது பிரிந்ததை எண்ணி ஏங்குவது. நோயின் வேதனையிலேயே மூழ்குவது. வருங்காலப் பயனை எண்ணி எண்ணித் தவிப்பது. இந்த நான்காவதற்கு நிதானம் என்று பெயர். பேச்சுவழக்கில் நிதானம் என்றால் பொறுமை. சாத்திரத்தில் அதற்கு நேர்மாறு. வகுப்பில் இச்சொல்லைச் சொல்லும்போதெல்லாம் மாணவிகள் குழம்புவார்கள்.

புதிதாகத் தொழில் தொடங்கியவரிடம் இந்நான்கும் ஒரே நாளில் வந்துபோவதைப் பார்க்கலாம். முகமறியாத ஒருவர், "சாயம் போகிறது" என்று எழுதிவிட்டால் அன்றைய சோறு இறங்காது. வாங்குவதாகச் சொன்ன தோழி வாங்கவில்லையென்றால் அதே நினைவு. தோள்வலி ஒருபுறம். இவற்றுக்கெல்லாம் மேலாக, புதிய ஆர்டர் வந்ததா, எத்தனை பேர் பார்த்தார்கள் என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கைப்பேசியைத் திறப்பது. பேத்தி தானே ஒருநாள் எண்ணிப் பார்த்தாளாம். காலை உணவுக்குள் நாற்பது முறை! ஜபமாலை உருட்டுபவர்கூட அவ்வளவு விரைவாக உருட்டமாட்டார். அவளுடைய அச்சு வடிவத்தை வேறொருவர் எடுத்துக்கொண்டார் என்று தெரிந்தபோது வந்த சினத்தை ரௌத்திரத்தில் சேர்க்க வேண்டும். அதை இங்கே விரிக்கவில்லை.

சரி, என்ன செய்வது? தொழிலை விட்டுவிடு என்று நான் சொல்லவில்லை. ஆதிபகவன் கற்பித்ததை நான் தடுப்பேனா?

ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்கு முதலில் சொல்லித்தந்தது பாடவேளையின் மணிக்குக் கட்டுப்படுவது. மணி அடித்துவிட்டால், எவ்வளவு இனிய பாடமாயினும் பாதியில் நிறுத்திவிட்டு வெளியேற வேண்டும். இளம் ஆசிரியையாக இருந்தபோது எனக்கு அது பிடிக்கவில்லை. பிறகுதான் தெரிந்தது, மணி குழந்தைகளுக்கு மட்டுமல்லாமல் ஆசிரியைக்கும் அடிக்கிறது என்பது. தொண்டை காய்ந்தவளுக்கு அந்த மணிதான் தண்ணீர் கொடுக்கிறது. அலுவலகத்திலும் ஒரு மணி உண்டு. ஐந்தரைக்கோ ஆறுக்கோ விளக்கை அணைத்துவிடுவார்கள். வீட்டு மாடியில் சொந்தத் தொழில் செய்பவர்க்கு மணி அடிப்பார் யார்?

நம் இல்லறத்தார்க்கு அந்த மணிகளை நம் சமயம் முன்பே அடித்துவைத்திருக்கிறது. ஒன்று, இரவுண்ணாமை. அதன் முதற்காரணம் உயிர்களுக்கு இடரின்மை, அதில் மாற்றமில்லை. ஆயினும் அதே விரதம் ஒவ்வொரு நாளும் வெயில் சாயும்போது, "கையிலிருப்பதைக் கீழே வை, உண்" என்று நமக்குச் சொல்கிறது. நகரத்துக்குப் போன நம் பிள்ளைகள் பலர் இதைத்தான் முதலில் கைவிடுகிறார்கள். இரவு பதினொரு மணிக்கு உண்பவன் பதினொரு மணிவரை வேலை செய்வான். சூரியனோடு உண்பவனுக்கு நாளுக்கு ஒரு கரை இருக்கும்.

இன்னொன்று சாமாயிகம். இரண்டு நாழிகை, அதாவது 48 நிமிடம். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. முடியாதவர்கள் ஒரு வேளையேனும். "நாற்பத்தெட்டு நிமிடமா! அதற்குள் எத்தனை பேருக்குப் பதில் எழுதலாம்" என்று பேத்தி முதலில் கேட்டாள். அதற்காகத்தான் அந்த 48 நிமிடம் என்றேன். கைப்பேசி வேறு அறையில் இருக்க வேண்டும். ஒலியை அணைத்து மடியில் வைத்துக்கொள்வது சாமாயிகம் ஆகாது. இன்பத்திலும் துன்பத்திலும், இலாபத்திலும் நட்டத்திலும், நண்பரிடத்தும் பகைவரிடத்தும் சமநிலை கொள்வதாக அதில் எண்ணுகிறோம். இலாபம் நட்டம் என்பது எனக்கு வெறும் சொல். மாத ஓய்வூதியம் வாங்குகிறவள் நான். அவளுக்கு அது வங்கிக் கணக்கிலுள்ள எண். ஆதலின் சாமாயிகம் என்னைவிட அவளுக்கே அதிகம் தேவை.

மூன்றாவது, அளவு குறித்தல். பொருளுக்கு அளவு வைப்பது பரிக்கிரக பரிமாணம். அன்றன்றைக்கு இடத்துக்கு எல்லை வைப்பது தேசவிரதம். இவற்றின் இயல்பையொட்டி, இந்த வாரம் இத்தனை துணிக்குமேல் அச்சிடுவதில்லை, இத்தனை ஆர்டருக்குமேல் ஏற்பதில்லை என்று முன்கூட்டியே எழுதிச் சுவரில் ஒட்டும்படி சொன்னேன். களைத்த பிறகு எடுக்கும் முடிவு முடிவாக இராது. விரதத்தை முந்தின நாளே ஏற்பதன் காரணம் அதுவே.

ஒரு செய்தியை இடையே சொல்லிவிடுகிறேன். இவ்வளவும் செய்தும் வாரக்கணக்கில் உறக்கம் வரவில்லை, காரணமின்றி அழுகை வருகிறது, எதிலும் விருப்பமில்லை என்றால் மருத்துவரிடம் போக வேண்டும். துதி பாடினால் போதும் என்று சிலர் சொல்கிறார்கள். நால்வகைத் தானங்களில் ஆகாரம், சாத்திரம், அபயம் ஆகியவற்றோடு ஔடதத்தையும் ஏன் வைத்தார்கள்? மருந்து தேவைப்படும் நேரம் உண்டு என்பதை அறிந்தே வைத்தார்கள். உடலுக்கு மருந்து வாங்கத் தயங்காத நாம், மனத்துக்கு என்றவுடன் அக்கம்பக்கம் பார்ப்பது அறியாமை.

பேத்தியை ஊருக்கு அழைத்து வந்துவிட்டேன். தசலட்சண பர்வத்தின் பத்து நாளும் என்னோடு இருந்தாள். முதல் மூன்று நாள் பெரும்பாலும் தூங்கினாள். நான்காம் நாள் தானே எழுந்து வந்து கோயிலில் அமர்ந்தாள். தீபாவளித் தொடக்கத்தைத் தள்ளிவைப்பதாக வாங்குவோர்க்கு எழுதினாள். எல்லாம் நல்லபடியாகவே முடிந்தது என்று நான் சொல்லப்போவதில்லை. அறுபது துப்பட்டா கேட்ட கடைக்காரர் வேறிடத்தில் வாங்கிக்கொண்டார். அந்தச் செய்தி வந்த அன்று அவள் சாப்பிடவில்லை. துணிக்குப் போட்ட முதலில் ஒரு பகுதி இன்னும் திரும்பவில்லை. மணிக்கட்டு குளிர்நாளில் இப்போதும் வலிக்கிறது. ஓய்வெடுத்தால் இழப்பே வராது என்று சொன்னால் பொய்யாகும். இழப்பு வந்தது, அதைத் தாங்க உடம்பு இருந்தது.

பர்வத்தின் முடிவில் பொறுத்தருளக் கேட்கும் நாளில், வழக்கம்போல் எல்லோரும் ஒருவரையொருவர் கைகூப்பினோம். பெரியவர்கள் காலில் சிறியவர்கள் விழுவதே நம் வீட்டு வழக்கம். அன்று நான் அவள் முன் கைகூப்பி, "தவம் என்று சொன்னதற்குப் பொறுத்துக்கொள் அம்மா" என்றேன். பதறிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இதைப் பெற்றோர்க்கும் தாத்தா பாட்டிகளுக்குமாகவே விரித்துச் சொன்னேன். பகவான் ஆகாரத்துக்காக ஊர் ஊராக நடந்தபோது மக்கள் அவரைப் புறக்கணிக்கவில்லை. ஓடோடி வந்து வணங்கினார்கள். யானை கொண்டு வந்தார்கள், குதிரை கொண்டு வந்தார்கள், மணியும் முத்தும் ஆடையும் கொண்டு வந்தார்கள். கன்னியரையும் மணம் செய்து தர முன்வந்தார்கள். அவருக்கு வேண்டியதோ ஒரு கை உணவு. அன்புள்ளவர்கள் அத்தனை பேர் சூழ்ந்திருக்க, பசித்திருப்பவர் என்ற நினைவு ஒருவருக்கும் வரவில்லை. அஸ்தினாபுரத்தில் சோமப்பிரப மன்னனின் இளவல் சிரேயாம்சனுக்கே, முற்பிறவியில் முனிவர்க்கு உணவளித்த நினைவு வந்தது. அவன் கரும்புச்சாற்றை ஏந்தினான்.

நாமும் நம் பிள்ளைகளுக்கு யானையும் குதிரையும்தான் கொண்டுபோகிறோம். ஒருவர் புகழ்கிறார். ஒருவர் கடன் தருகிறார். ஒருவர் விலையை ஏற்று என்கிறார், இன்னொருவர் குறை என்கிறார். தொலைபேசி எடுத்தவுடன், "எத்தனை விற்றது?" என்று கேட்கிறோம். அது பிள்ளையின் தோளில் இன்னொரு மூட்டை. வையாவிருத்தியம் என்னும் பணிவிடையை அகத் தவங்களில் ஒன்றாகச் சொல்லியிருக்கிறார்கள். முனிவர்க்குச் செய்வது அதன் முதன்மை. வீட்டில் களைத்திருக்கும் பிள்ளைக்கு ஒரு வேளைச் சோறு கொண்டுபோவதிலிருந்து அதைப் பழகலாம். தொடக்க மாதங்களில் ஒரு மாமியாரோ அத்தையோ பத்து நாள் போய் இருந்து சமைத்துப் போட்டால், அது எந்த முதலீட்டுக்கும் குறைந்ததன்று. பொதி கட்டத் தெரிந்த தாத்தாக்களும் நம்மிடையே இருக்கிறார்கள். பலர் சும்மா இருக்கிறார்கள்.

தை மாதம் பேத்தி எழுபது உருப்படிகளோடு விற்பனையைத் தொடங்கினாள். பெரிய ஆரவாரமில்லை. இப்போது வாரத்தில் ஒருநாள் மேசைமேல் துணி விரிப்பதில்லை. புதிதாகச் செதுக்கிய இரண்டு கட்டைகள் எண்ணெய்த் தட்டில் கிடக்கின்றன என்று நேற்றுச் சொன்னாள். பேசிக்கொண்டே இருந்தவள் நடுவில், "பாட்டி, வெயில் இறங்குகிறது, சாப்பிட்டுவிட்டு வருகிறேன்" என்று தொலைபேசியை வைத்துவிட்டாள். எனக்கும் அப்போதுதான் நேரம் தெரிந்தது. எழுந்து அடுப்பங்கரைக்குப் போனேன்.

வெளி மண்டபத்தில் கரும்புச்சாறு வைத்திருக்கிறார்கள். குழந்தைகள் முதலில் போகட்டும்.